பெண் குரல் கேட்டதும் லாபி ஏன் மாறுகிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். கேட்டவர் சென்னையில் வேலை பார்க்கும் 23 வயதுப் பெண். கல்லூரி நாளில் தோழிகளோடு பப்ஜியில் தொடங்கி, இப்போது லேப்டாப்பில் வேலரன்ட் ஆடுகிறார், ஐந்து ஐந்து பேராக அணி சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம். லாபியில், அதாவது ஆட்டத்துக்கு ஆட்கள் கூடும் இடத்தில், மைக்கைப் போட்டால் ஒன்று ஜொள்ளு, இல்லையென்றால் வசவு. மைக் போடாமல் ஆடினால் டீம் தோற்கிறது, அதற்கும் திட்டு. ஆண் பெயரில் ஐடி வைத்துக்கொள்ளலாமா, இல்லை ஆடுவதையே நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார். வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். "இந்த வயசுல என்ன கேம் வேண்டிக் கிடக்கு, மாப்பிள்ளை வீட்டுல இதையெல்லாம் சொல்லிடாதே" என்பது அம்மாவின் உத்தரவு.

நிறுத்த வேண்டாம். ஆண் பெயர் வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ரொம்ப தூரம் போக முடியாது. உங்களுக்கு இப்போது வேண்டியது நாலு பேர். "மிட்ல ஒருத்தன்" என்று நீங்கள் சொன்னால், சொன்னது யார் என்று யோசிக்காமல் மிட்டை, அதாவது மேப்பின் நடுப்பகுதியை, திரும்பிப் பார்க்கிற நாலு பேர். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். நானும் இந்த ஊரில் வளர்ந்து, பள்ளி நாளிலிருந்து ஆடுகிறவள். வாரக் கடைசிகளில் பெண்கள் மட்டும் சேரும் ஒரு சின்னக் குழுவுக்கு ஆட்டம் ஏற்பாடு செய்கிறேன். அதில் பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

மைக்கிலிருந்து தொடங்குவோம். வேலரன்ட் ஆடாதவர்களுக்கு "வாயை மூடிட்டு ஆடிட்டுப் போனா என்ன" என்று தோன்றும். ஒரு ரவுண்டுக்கு 100 விநாடிதான். தாக்கும் அணி ஸ்பைக் என்ற வெடிகுண்டை வைத்துவிட்டால் 45 விநாடியில் அது வெடிக்கும், செயலிழக்க வைக்க 7 விநாடி ஆகும். முழுக் கவசம் போட்டவருக்கே மொத்த உயிர் 150. வேண்டல் துப்பாக்கியின் ஒரு குண்டு தலையில் பட்டால் 160 போய்விடும். எதிராளி எந்த மூலையில் நிற்கிறான் என்பது அரை விநாடி முன்னால் தெரிந்தவர் பிழைப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். "ஏ மெயின்ல ரெண்டு பேர், ஒருத்தனுக்கு 80 அடி, ஸ்பைக் அவன்கிட்டதான்" என்று ஒரே மூச்சில் சொன்னால், பி பக்கம் காத்திருப்பவர் அந்த நொடியே ஓடத் தொடங்குவார். மேப்பில் குறி போட்டும் காட்டலாம்தான். அது "இங்கே ஆபத்து" என்பதோடு நின்றுவிடும். எத்தனை பேர், எவ்வளவு அடி, இப்போது போகலாமா காத்திருக்கலாமா என்பதெல்லாம் வாயால் சொன்னால்தான் உண்டு. அதனால் பயந்து மைக்கை அணைத்துவிட்டு ஆடும் பெண், கண்ணால் பார்த்ததில் பாதியைத் தன் அணிக்குத் தர முடியாமல் ஆடுகிறாள். அப்புறம் அவளைப் பார்த்துத்தான் "பொண்ணுங்களுக்கு கேம் சென்ஸ் கிடையாது" என்கிறார்கள்.

சரி, போட்டால் என்ன ஆகிறது? நாம் ஆடும் பாத்திரத்தை (ஏஜென்ட்) தேர்ந்தெடுக்கும் திரையில் "ஹாய், நான் மிட் பாத்துக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். சட்டென்று ஓர் அமைதி. அப்புறம் "டேய், பொண்ணுடா." எங்கேயிருந்து, என்ன படிக்கிறீங்க, இன்ஸ்டா ஐடி என்ன. அடுத்தது, "நீங்க சேஜ் எடுங்க." சேஜ் என்பது மற்றவர்களுக்கு உயிர் ஏற்றும் ஏஜென்ட். நன்றாக ஆட வேண்டிய பாத்திரம்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் பெண் குரல் கேட்டால் சேஜ் என்று எழுதி வைத்த மாதிரி கேட்பார்கள். ஜெட், ரேனா மாதிரி முன்னால் பாய்கிற ஏஜென்டைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஒரு பெருமூச்சு மைக்கில் கேட்கும். முதல் ரவுண்டில் நீங்கள் செத்துவிட்டால் சமையலறைக்குப் போகச் சொல்வார்கள். அதே ரவுண்டில் மூன்று பேரைச் சுட்டுவிட்டால், ஐடி அண்ணனுடையதா, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள்.

இதையெல்லாம் விட நான் கவலைப்படுவது இன்னொரு வகையைப் பற்றி, ஏனென்றால் அது அன்பாக வருகிறது. "அக்கா, நீங்க பின்னாடி நில்லுங்க, நாங்க பாத்துக்கிறோம்." நல்ல பையன்கள், மனசில் கெட்ட எண்ணம் கிடையாது. பிஜிஎம்ஐயில் (பப்ஜியின் இந்தியப் பதிப்பு) லெவல் 3 ஹெல்மெட்டைக் கழற்றித் தருவார்கள், நீங்கள் அடிபட்டு விழுந்தால் புகையைப் போட்டு ஓடி வந்து எழுப்பிவிடுவார்கள். ஆனால் வண்டியை ஓட்டத் தர மாட்டார்கள், எங்கே இறங்குவது என்று உங்களைக் கேட்க மாட்டார்கள், எதிரணி வந்தால் முதல் சண்டையை உங்களுக்கு விட மாட்டார்கள். இப்படியே ஒரு வருடம் ஆடினால் ரேங்க் ஏறியிருக்கும், கை ஏறியிருக்காது. அந்த ஸ்குவாட் கலைந்து தனியாக ஆடும் அன்றைக்குத்தான் தெரியும். அதனால் உங்களை அக்கா என்று கூப்பிடும் கூட்டத்தில் இருந்தால், இரண்டாவது ஆட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்: "இந்த மேட்ச் நான் லீட் பண்றேன்." சரி என்றால் தொடருங்கள். சிரித்தால் வேறு கூட்டம் பாருங்கள்.

இது உங்கள் கற்பனை இல்லை என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. ஜெஃப்ரி குஸ்னெகாஃப், லிண்ட்சே ரோஸ் இருவரும் ஹேலோ 3 விளையாட்டில் ஒரே வாசகங்களை ஆண் குரலிலும் பெண் குரலிலும் முன்கூட்டியே பதிவு செய்து வைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்களோடு ஆடினார்கள். பெண் குரலுக்கு வந்த மோசமான பதில்கள் ஆண் குரலுக்கு வந்ததைப் போல் சுமார் மூன்று மடங்கு. 2013இல் அச்சில் வந்தது. 2015இல் மைக்கேல் கசுமோவிச்சும் குஸ்னெகாஃபும் அதே ஆட்டங்களின் பதிவுகளைத் திரும்ப எடுத்து, திட்டியவர்கள் யார் என்று பார்த்தார்கள். மோசமாக ஆடிக்கொண்டிருந்த ஆண்கள்தான் பெண் குரலிடம் அதிகம் சீறினார்கள்; நன்றாக ஆடியவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். கீழே இருப்பவருக்குத் தன் இடம் போய்விடுமோ என்ற பதற்றம் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். நான் பார்த்ததும் அதுதான். சில்வர், கோல்டு என்ற கீழ் ரேங்க் லாபிகளில் இருக்கிற வாய், மேலே போகப் போகக் குறைகிறது. சுத்தமாக நின்றுவிடாது, குறையும். அடுத்த முறை ஒருவன் உங்களைத் திட்டும்போது ஸ்கோர்போர்டைத் திறந்து அவன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். பார்த்துவிட்டு அங்கேயே அவனை மியூட் செய்துவிடுங்கள்.

நமக்கு இதன் மேல் இன்னொரு சங்கடம், மொழி. மும்பை சர்வரில் விழுந்தால் லாபியில் பெரும்பாலும் இந்திதான் ஓடும். தமிழிலோ ஆங்கிலத்திலோ சொன்னால் "இந்தியில் பேசு" என்பார்கள். பெண் என்பதற்கு ஒன்று, மதராஸி என்பதற்கு ஒன்று என்று ஒரே ஆளுக்கு இரண்டு திட்டு. சென்னையில் இருப்பதில் ஒரு வசதி உண்டு. சிங்கப்பூர் போகும் கடலடிக் கேபிள்கள் நம் கரையிலிருந்துதான் கிளம்புகின்றன, அதனால் நல்ல ஃபைபர் இணைப்பு இருந்தால் சிங்கப்பூர் சர்வரிலும் பிங் (இணையத் தாமதம்) ஆடக்கூடிய அளவில்தான் இருக்கும். இரண்டையும் முயன்று பாருங்கள். தமிழ்க் குழுவாகச் சேர்ந்து ஆடும் பழக்கம் இங்கே இவ்வளவு வலுவாக இருப்பதற்கு இந்த மொழிச் சங்கடமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பெயர் விஷயம். யாருக்கும் ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு பெயராக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கம், சுண்டல், மழை, எதுவானாலும் சரி. உங்கள் சொந்தப் பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்த ஐடி எந்த கேமிலும் வேண்டாம். அதை வைத்தே இன்ஸ்டாவில் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். குரல் மாற்றும் மென்பொருள் மட்டும் வேண்டாம் என்பேன். குரல் தாமதமாகப் போகும். அதைவிட, எப்போது மாட்டிக்கொள்வோமோ என்று பயந்துகொண்டே எத்தனை நாள் ஆட முடியும்? களைத்துப் போய் வரும் இரவில் பெயரை மறைத்து மைக் இல்லாமல் ஒரு டெத்மேட்ச் ஆடுவது வேறு, அதுவே எப்போதும் என்றாகிவிடுவது வேறு.

இனி திறமை. "என்ன இருந்தாலும் பசங்க நல்லா ஆடுறாங்க" என்று பெண்களே சொல்லிக் கேட்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். சுய்ஹுவா ஷென்னும் அவருடன் இருந்தவர்களும் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் ஒன்று, சீனாவில் ஒன்று என்று இரண்டு பெரிய இணைய விளையாட்டுகளின் சர்வர் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ஆண்கள் முன்னால் நிற்கிறார்கள். ஆடிய நேரத்தையும், குழுவில் சேர்ந்திருந்தார்களா என்பதையும் கணக்கில் சேர்த்ததும் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. ஆணுக்குச் சமமான வேகத்தில்தான் பெண்ணும் முன்னேறுகிறாள். ஆக, பிரச்சினை நேரமும் கூட்டாளிகளும். டொரண்டோ பல்கலைக்கழகத்தில் 2007இல் செய்த இன்னொரு சோதனையில், ஆக்‌ஷன் கேமே ஆடாதவர்களை வெறும் 10 மணி நேரம் ஆட வைத்ததும், இடத்தையும் திசையையும் மனத்தில் சுழற்றிப் பார்க்கும் திறனில் ஆண் பெண் வேறுபாடு நன்றாகக் குறைந்தது. பெண்கள்தான் அதிகம் முன்னேறினார்கள்.

அந்த நேரம் நம்மிடம் எங்கே இருக்கிறது? 2019ஆம் ஆண்டு மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். மூன்று மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். ஒரு வேலரன்ட் போட்டி 40 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், தினமும் ஐந்து மேட்ச்! உங்கள் தம்பி ஆடும்போது "சாப்பிட வாடா" என்று அம்மா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுத் தட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுப்பார். நீங்கள் ஆடும்போது குக்கர் விசிலை யார் எண்ணுவது? மேட்ச் பாதியில் எழுந்து போனால் ஏஎஃப்கே (ஆள் இடத்தில் இல்லை) என்று கேம் தண்டனை தருகிறது, போகாவிட்டால் வீட்டில் தண்டனை. இந்த நெருக்கடியில் ஆடிக்கொண்டே நீங்கள் கோல்டு வரை வந்திருக்கிறீர்கள் என்றால் அது லேசான விஷயம் இல்லை.

இடமும் அப்படித்தான் பறிபோனது. என் வயதுப் பெண்களுக்கு நினைவிருக்கும். டிவியில் செருகும் கேம் பெட்டியும் மஞ்சள் கேசட்டும் வீட்டுக்கு வந்த காலத்தில் மரியோவும் கான்ட்ராவும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடியதுதான். அப்புறம் 2000களில் ஆட்டம் பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டது. கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6, லேன் இணைப்பு, தடுப்பு போட்ட கேபின், பள்ளிக்கு மட்டம் போட்ட பையன்கள், சிகரெட் வாசம். அங்கே ஒரு பெண் தனியாகப் போய் உட்கார முடியாது. போனால் தெரு முழுக்கப் பேச்சு. அண்ணன் தம்பிகள் அந்த வருடங்களில் கூட்டாகக் கற்றுக்கொண்டார்கள், நாங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் ரோட் ரேஷும் டேஞ்சரஸ் டேவும் தனியாக ஆடிக்கொண்டிருந்தோம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிராஃபிக்ஸ் கார்டு விலை கேட்கப் போனால் கடைக்காரர் கூட வந்த அப்பாவைப் பார்த்துப் பதில் சொல்வார். 2016இல் ஜியோ வந்து டேட்டா மலிவானதும், 2018இல் பப்ஜி மொபைல் வந்ததும்தான் இதை உடைத்தன. கையில் இருக்கிற போனே ஆடுகளம் ஆனதும், ஹாஸ்டல் அறைக்குள்ளேயே நாலு பெண்கள் ஒரு ஸ்குவாடாக முடிந்தது. நீங்களும் அப்படி வந்தவர்தான். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்து, 2021 ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வருவதற்குள் பல தோழிகள் ஆட்டத்தை விட்டே போய்விட்டார்கள் என்பது தனி வருத்தம்.

ஆண்கள் கண்டுபிடித்த ஆட்டம், ஆண்களுக்கான ஆட்டம் என்று யாராவது ஆரம்பித்தால், நீளமாக வாதாட வேண்டாம். 1980இல் பேக்மேனை உருவாக்கிய தோரு இவாதானி, பெண்களும் வந்து ஆட வேண்டும் என்று நினைத்தே அதைச் செய்தார். அதே வருடம் ராபர்ட்டா வில்லியம்ஸ் மிஸ்டரி ஹவுஸை எழுதினார். டோனா பெய்லி 1981இல் சென்டிபீடிலும், கரோல் ஷா 1982இல் ரிவர் ரெய்டிலும் நிரல் எழுதினார்கள். 1983இல் அமெரிக்காவில் கேம் சந்தை சரிந்த பிறகு, 1985இல் நின்டெண்டோ தன் இயந்திரத்தைப் பொம்மை என்று சொல்லித்தான் கடைக்குள் கொண்டுபோனது. பொம்மைக் கடையில் ஆண் பிள்ளைக்கு ஒரு வரிசை, பெண் பிள்ளைக்கு ஒரு வரிசை. கேம் ஆண் வரிசையில் போய் உட்கார்ந்தது, விளம்பரங்களும் அதன் பின்னால் போயின. அவ்வளவுதான் கதை.

அம்மாவிடம் வருவோம். அவரை எதிரியாக நினைக்காதீர்கள், அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் செய்தித்தாளில் "ஆன்லைன் கேம்" என்ற தலைப்பைப் பார்த்தால் கீழே இருப்பது ரம்மியில் பணம் இழந்து உயிரை விட்டவரின் செய்தி. நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, 2022இல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது அந்தச் சாவுகளால்தான். அம்மாவின் மனத்தில் உங்கள் வேலரன்டும் அந்த ரம்மியும் ஒரே சொல்லில் அடைபட்டிருக்கின்றன. உட்கார வைத்துப் பிரித்துக் காட்டுங்கள்: இதில் பந்தயம் கிடையாது, ஜெயித்தால் பணம் வராது, தோற்றால் போகாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை முறையான போட்டி விளையாட்டாக ஏற்கிறது. இதைச் சொல்லும்போது ஸ்கின் (துப்பாக்கி, உடைக்கான அலங்காரம்), யூசி (பிஜிஎம்ஐ நாணயம்) வாங்கும் செலவையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மாதம் இவ்வளவுக்கு மேல் போகாது என்று ஒரு தொகை வைத்துக்கொள்வது உங்களுக்கும் நல்லது. காசு கொடுத்து, என்ன வரும் என்று தெரியாமல் குலுக்கல் மாதிரி க்ரேட் (பெட்டி) திறக்கும் பக்கம் போகவே வேண்டாம்.

இந்த ஊருக்கு விளையாடும் பெண் புதிதும் இல்லை. வைஷாலியைச் செஸ் வகுப்பில் சேர்த்ததே டிவி பார்ப்பதைக் குறைக்கத்தான் என்று அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தா ஆடத் தொடங்கினார். 2023 டிசம்பரில் வைஷாலி கிராண்ட்மாஸ்டர் ஆனார், ஹம்பிக்கும் ஹரிகாவுக்கும் பிறகு இந்தியாவில் மூன்றாவது பெண். 2024இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் தங்கம் வென்ற பெண்கள் அணியிலும் இருந்தார். இன்றைக்கு மாம்பலத்திலும் முகப்பேரிலும் எத்தனையோ சிறுமிகள் ராத்திரி பத்து மணிக்குத் திரையைப் பார்த்து பிளிட்ஸ் ஆடுகிறார்கள். அம்மா பக்கத்தில் பால் டம்ளரோடு நிற்கிறார், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்கிறார். அதுவும் திரைதான், அதுவும் முகம் தெரியாத எதிராளியோடுதான். 2025இல் ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் செஸ்ஸும் ஒரு போட்டி. தாம்பரம் மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறிப் பாருங்கள். பத்து போனில் ஒன்றிலாவது கேண்டி க்ரஷோ லூடோவோ ஓடிக்கொண்டிருக்கும். ஆடுவது நடுத்தர வயதுப் பெண்கள். அவர்களைக் கேட்டால் "சும்மா டைம் பாஸ்" என்பார்கள், தாங்கள் கேம் ஆடுவதாகவே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் மனசுக்குள் இருக்கும் அந்தத் தயக்கம் எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

அம்மாவோடு சேர்ந்து ஆட ஒன்று வேண்டும் என்றால் வெண்பா என்ற கேமை இறக்குங்கள். டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்த் தாயின் கதை. அவருடைய அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கும், விட்டுப்போனதை நாம் யூகித்துச் சமைக்க வேண்டும். முதல் சமையலே இட்லி. 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது. எங்கள் குழுவில் ஒரு தோழி அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை ஆடினாள். தட்டு அடுக்கும் இடத்தில் அம்மா "இரு, நான் பண்றேன்" என்று மவுஸை வாங்கிக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் ஆட்டம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

இப்போது அந்த நாலு பேர். எங்கே பிடிப்பது என்று கேட்பீர்கள். தினமும் லாபியில் விழும் முகம் தெரியாதவர்களில் ஒழுங்காகப் பேசிய ஒருவரைக் கண்டால், ஆட்டம் முடிந்ததும் நீங்களே நட்பு அழைப்பு அனுப்புங்கள். பெண்கள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை, நாமாகக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று. நல்ல டீம்மேட்டைப் பையன்கள் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சேர்த்துக்கொள்கிறார்கள், நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஓஎம்ஆர் கம்பெனிகளில் கேரம், டேபிள் டென்னிஸ் குழுவுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் ஒரு கேமிங் குழு இருக்கும், அதில் பெயரை மறைத்து ஆடும் இன்னொரு பெண்ணும் இருப்பாள். வேலரன்டின் ரேங்க்டில், அதாவது ரேங்க் ஏறி இறங்கும் ஆட்டத்தில், நாலு பேராகச் சேர்ந்து போக முடியாது என்பது தெரிந்திருக்கும். இரண்டு, மூன்று, இல்லாவிட்டால் ஐந்து. முதலில் மூன்று பேர் ஆகுங்கள். அப்போது வெளியாள் இரண்டே பேர்தான், அவர்கள் வாயைத் திறந்தாலும் உங்கள் பக்கம் பேச இரண்டு குரல் இருக்கும். ஒரு ஆண் டீம்மேட் "டேய், கால்அவுட் மட்டும் சொல்லு" (எதிராளி எங்கே என்ற தகவலை மட்டும்) என்று அதட்டினால் சட்டென்று அடங்குவதைப் பார்த்திருக்கிறேன். இதைப் படிக்கும் ஆண்கள் இருந்தால், அந்த ஒரு வரியைச் சொல்லுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம்.

பெண்களுக்குத் தனிப் போட்டி தேவையா என்ற சண்டையும் உங்கள் காதில் விழுந்திருக்கும். வேலரன்டை உருவாக்கிய ரயட் நிறுவனம் 2021இல் கேம் சேஞ்சர்ஸ் என்ற தொடரைத் தொடங்கியபோது "சலுகை" என்றார்கள். செஸ்ஸில் பெண்கள் பிரிவும் இருக்கிறது, பொதுப் பிரிவும் இருக்கிறது. வைஷாலி இரண்டிலும் ஆடுகிறார். பெண்கள் பிரிவில் கிடைத்த பரிசும் பயணமும் எதிராளிகளும் இல்லாமல் அவ்வளவு பெண்கள் மேலே வந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். 2024 ஏப்ரலில் பிரதமர் நாட்டின் பிரபல கேமர்கள் ஏழு பேரைச் சந்தித்தபோது, அதில் பாயல் தாரே ஒருவர்தான் பெண். அந்த எண்ணிக்கை மாறும் வரை தனி வாசல் இருக்கட்டும்.

எல்லை மீறினால் என்ன செய்வது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். லாபியில் ஒருமுறை திட்டியவனுக்கு மியூட்டும் ரிப்போர்ட்டும் போதும். ரிப்போர்ட் செய்வதை வீண் என்று விட்டுவிடாதீர்கள், அதனால் அந்த ஐடிக்குத் தடை விழலாம். ஆனால் கேமை விட்டு வெளியே வந்து இன்ஸ்டாவில் தொடர்வது, வேறு வேறு எண்ணிலிருந்து அழைப்பது, படத்தை மாற்றிப் போடுவேன் என்று மிரட்டுவது எல்லாம் குற்றம். வேண்டாம் என்று சொன்ன பிறகும் தொடர்வதும், ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவில் வரும். முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பதறிப்போய் மெசேஜை அழித்துவிடாதீர்கள். தேதியும் ஐடியும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியுங்கள். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கு அங்கே தனிப் பகுதி இருக்கிறது. 181 மகளிர் உதவி எண்ணும் உண்டு. டிஸ்கார்டில் (கேம் ஆடுபவர்கள் பேசிக்கொள்ளும் ஆப்) சர்வர் உறுப்பினர்கள் நேராக மெசேஜ் அனுப்பும் வசதியை இன்றைக்கே அணைத்துவிடுங்கள். கேமில் பழகியவருக்கு வாட்ஸ்அப் எண் தருவதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுங்கள். டிஸ்கார்டிலேயே பேசலாம், ஆட்டத்துக்கு அதுவே தாராளம்.

கடைசியாக, மாப்பிள்ளை வீடு. சொல்லுங்கள். பெண் பார்க்க வரும் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வேண்டாம். அவரோடு தனியாகப் பேசும்போது, சினிமா பிடிக்கும் பாட்டு பிடிக்கும் என்பதைச் சொல்லும் அதே குரலில் சொல்லுங்கள். "நான் ஆட நீங்க சம்மதிப்பீங்களா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அப்படிக் கேட்டால் பிறகு எல்லாவற்றுக்கும் சம்மதம் வாங்க வேண்டிவரும். "அதெல்லாம் எனக்குப் பிரச்சினையே இல்ல" என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அதனால் நடைமுறையைக் கேளுங்கள். எனக்கு வாரத்தில் இரண்டு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு டீமோடு ஆட்டம் இருக்கும், நடுவில் எழுந்து வர முடியாது, அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை எப்படி வைத்துக்கொள்ளலாம்? கம்ப்யூட்டர் மேசை எந்த அறையில் இருக்கும்? உங்கள் அம்மா கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எந்த ரெண்டு நாள்?" என்று திருப்பிக் கேட்டால் மேற்கொண்டு பேசலாம்.